அடுத்தது யார்?

"உட்காருங்க, இதோ வந்துருவாங்க" என்கிறார் அண்ணி, மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம். யார் வருவார்கள், எதற்கு வருவார்கள் என்று அவரும் கேட்பதில்லை. அண்ணி சொன்னால் யாருக்கும் உட்காரத்தான் தோன்றும். நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் தட்டிவிட்டு, தண்ணீரையும் நீட்டியாகிவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்து, தானே சிரித்துக்கொள்கிறார். "நீங்க மீட்டர் பாக்க வந்தவருல்ல? பாருங்க, பாருங்க."

ஒரு கண் மருத்துவமனையின் ரிசப்ஷனில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தவர் அண்ணி. சின்ன மருத்துவமனை. டாக்டர் கைராசிக்காரர்தான், ஆனால் நேரத்துக்கு வந்தார் என்று அவருடைய மனைவியே சொல்ல மாட்டார். காத்திருக்கும் கூட்டத்தை அண்ணிதான் பேசிப் பேசிக் கோபப்படாமல் பார்த்துக்கொண்டார். போன மழைக்காலத்தில் அந்த இடத்தைப் பெரிய மருத்துவமனை ஒன்று வாங்கியது. டாக்டரை எடுத்துக்கொண்டார்கள், அவருடைய கருவிகளையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி இருந்த இடத்தில் டோக்கன் கொடுக்கும் மெஷின் ஒன்றை வைத்துவிட்டார்கள். "பாவம் தம்பி, அதுக்கு உட்காருங்கன்னு சொல்லக்கூட வாய் இல்ல" என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து வேலை தேடுகிறார். ஏனோதானோவென்று அல்ல. ஓர் இடத்துக்கு பயோடேட்டா அனுப்பும் முன் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய், வந்தவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். போனை யார் எடுக்கிறார்கள், எந்தக் கேள்விக்குத் திணறுகிறார்கள், ஜனங்கள் எங்கே பொறுமை இழக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வார். ஒரு பல் மருத்துவமனையை இப்படி நோட்டம் விடப் போய், ஒரு குறையும் இல்லாத பற்களைச் சுத்தம் செய்துகொண்டு திரும்பினார்.

மகள் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவில் 'சிறந்த பேச்சுத்திறன், கடின உழைப்பு' என்றிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "இதை யாருதான் எழுத மாட்டாங்க? உங்கப்பாகூட எழுதுவாரு. நான் என்ன செஞ்சேன்னு போடு." பிறகு அவர் சொல்லச் சொல்ல மகள் சேர்த்த வரி இது: 'மருத்துவர் எவ்வளவு தாமதமாக வந்தாலும், என் பணிக்காலத்தில் ஒரு நோயாளிகூடக் கோபித்துக்கொண்டு வீடு திரும்பியதில்லை.' மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த வரியைப் போட்ட பிறகுதான் இன்டர்வியூவுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

தொல்லையெல்லாம் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான். ஒரே ஒரு வேலைக்குக் கூடம் நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள். காத்திருக்கிற கூட்டத்தைக் கண்டால் அண்ணிக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று தவித்துக்கொண்டிருந்த ஒருத்தியை முதலில் உள்ளே அனுப்பினார். ரயிலைப் பிடிக்க வேண்டியவரை அடுத்து அனுப்பினார். தன் முறை வந்தபோது பக்கத்திலிருந்த பெண் தன் ஃபைலைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டார். "நீ போயிட்டு வந்துடும்மா. உக்கார உக்கார பயம்தான் கூடும்." அந்தப் பெண்ணையே வேலைக்கு எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மறுவாரம் போனில் நன்றி சொன்னாள். அண்ணி உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினார்.

அண்ணன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர், அன்று சத்தம் போட்டார். "நீ வேலை தேடப் போனியா, கூட்டத்தைச் சமாளிக்கப் போனியா?"

"கூட்டத்தைச் சமாளிக்கிறதுதாங்க என் வேலை."

அண்ணன் ஒருவர் சம்பாத்தியத்தில் வீடுதான் ஓடும். அண்ணிக்குச் சீக்கிரம் வேலை அமையாவிட்டால் மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கும். அந்த வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

போன வாரம் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் இன்டர்வியூ. நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கிளம்பும்போது அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "நீயும் உள்ள போய் உக்காரு. அவ யாருக்காவது வழி விட்டா, நீ இருமு." நான் இடுப்பு வலிக்காரன்போல ஓரமாக உட்கார்ந்தேன். அண்ணி என் பக்கமாக நடந்துவந்து, "இடுப்பு வலிக்கிறவங்க கால்மேல கால் போட மாட்டாங்க தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபைலை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஒருவர் முகத்தில் வெயில் அடிக்க, எழுந்து திரையை இழுத்துவிட்டார். யாருக்குப் பின் யார் வந்தார்கள் என்று கேட்டு, இன்டர்வியூவுக்கு வந்த எல்லாரையும் வரிசையாக மாற்றி உட்காரவைத்தார். "இதோ கூப்பிட்டுருவாங்க" என்று நாலைந்து பேரிடம் சொல்லியும் ஆயிற்று. பக்கத்தில், வேலை கேட்டு வந்த ஒரு சின்னப் பெண் உதட்டைக் கடித்தபடி இருந்தாள். தன் பாட்டிலைத் திறந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். எனக்குப் பகீரென்றது.

இன்டர்வியூ அறையின் கதவு திறந்தது. ஒருவர் தலையை நீட்டி, "அடுத்தது யாரு?" என்றார்.

வரிசைப்படி அடுத்தது அண்ணிதான். ஆனாலும் அத்தனை பேரும், சொல்லட்டும் என்பதுபோல அவரையே பார்த்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் பார்த்தாள். அண்ணியின் வலது கை தானாக எழுந்தது. நோயாளிகளுக்கு டாக்டரின் அறையைக் காட்டிக் காட்டிப் பழகிய கை, உள்ளங்கையை விரித்துக்கொண்டு அவள் பக்கம் நீண்டது. நான் இருமியிருக்க வேண்டும். இருமல் வரவில்லை.

கை பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிவந்து, அவருடைய நெஞ்சின்மேல் படிந்தது.