டோக்கன் இல்லாத செருப்பு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கிரிவலப் பாதையில் இருக்கிற என் பூஜைச் சாமான் கடைக்கு வேலைக்கு வந்த மூன்று பேரும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எல்லாம் என் வாய்தான். வந்த அன்றைக்கே கிண்டலை ஆரம்பித்து, விரட்டிவிடுவேன்.

இன்று நான்காவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து தேன்மொழி வந்து சேர்ந்தார். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டே நாள்.

"இவங்களையும் வாயாலயே ஓட்டிட்டீங்கன்னா, பௌர்ணமி கூட்டத்தை நீங்களே பாத்துக்கங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று வீட்டுக்காரி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

அதனால் வாயைக் கட்டிக்கொண்டு வேலையை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மலை சுற்றப் போகிறவர்கள் செருப்பை நம்மிடம் விடுவார்கள். டோக்கன் கொடுக்க வேண்டும். சுற்றி வந்ததும் டோக்கனைப் பார்த்துச் செருப்பைக் கொடுக்க வேண்டும்.

"டோக்கனைத் தொலைச்சுட்டு வந்தா என்னண்ணா பண்றது?"

"பாவம், நடந்து களைச்சு வருவாங்கம்மா. சண்டை போடாம, அவங்க காட்டுற செருப்பைக் குடுத்துடுங்க."

சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் விட்டிருந்த என் புதுச் செருப்பைக் காணவில்லை.

"அதுவாண்ணா? ஒருத்தர் டோக்கனைத் தொலைச்சுட்டேன்னாரு. அதைத்தான் காட்டினாரு. சண்டையே போடல, குடுத்துட்டேன்."

நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வந்தது. விழுங்கிவிட்டு, "நல்லதும்மா" என்றேன்.

"அப்போ நாளைக்கும் இன்னைக்கு வந்த டைமுக்கே வந்துடறேண்ணா."

வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு பேர், "என்ன, கிரிவலமா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றேன்.