எட்டாவது முறையும் படித்துறையில்

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊரைப் பார்க்காத ஒரே ஆள் வழிகாட்டிதான். மலேசியாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து எல்லை தாண்டி, பாங்காக் வரை ஏழு முறை பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். அந்த ஊரின் பழைய கால்வாய்களில் ஒரு முறைகூடப் படகில் போனதில்லை. "இந்தத் தடவையாவது ஏறுவீங்களாப்பா?" என்று கேட்ட மகளிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் எட்டாவது பயணம் கிளம்பினேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

சாம்பார் வாளி

வந்தது செர்டாங் பக்கத்து எஸ்டேட் கோயில் குழு. கால்வாய்ப் படித்துறையில் இருந்தது ஒரே படகு, எல்லாரையும் ஏற்ற மூன்று நடை. வெளியூர்ச் சாப்பாட்டில் எதைப் போடுவார்களோ என்று பயந்து, ஹோட்டல் அறையிலேயே ரைஸ் குக்கர் வைத்துச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கொதிக்கிற சாம்பார் வாளியைப் படகில் ஏற்றக்கூடாது என்று படகுக்காரர் கையை ஆட்டிவிட்டார். முதல் நடைக்கு ஏறப்போன என் காலடியில் லெட்சுமி அக்கா அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்கதான் எத்தனையோ தடவ பார்த்திருப்பீங்களே தம்பி, இந்தச் சாம்பாரக் கொஞ்சம் பார்த்துக்குங்க லா."

கோயில் மீன்

அவர்கள் திரும்பி வந்து வாளியை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் நடைக்கு ஆட்களை எண்ணினேன். சுப்பையா அண்ணனைக் காணோம். எங்கள் பக்கத்துத் தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறையில் மீன் எடுத்து எஸ்டேட்டுகளில் விற்பவர் அவர். பக்கத்துப் புத்தர் கோயில் படித்துறையில், பக்தர்கள் ரொட்டி போட்டு வளர்க்கும் மீன்கள் உண்டு, யாரும் பிடிக்கக்கூடாது. மனிதர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, ஒன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்துக்கொண்டிருந்தார்! காவலாளி விசில் ஊதி ஊதியே முகம் சிவந்துவிட்டார். நான் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் படகு போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபித்துக்கொண்டது என்னவோ சுப்பையா அண்ணன்தான்.

"இவ்ளோ பெரிய மீன வச்சிக்கிட்டு யாரும் குழம்பு வைக்கலன்னா, அதுதான் பாவம் தம்பி."

ஒரு கால் படகில்

மூன்றாம் நடை. லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு காலைப் படகில் வைத்தும்விட்டேன். அப்போதுதான் பெண்டாங்கிலிருந்து வந்து குழுவோடு சேர்ந்துகொண்ட சரோஜா டீச்சர் தண்ணீரை எட்டிப் பார்த்து, ஏறமாட்டேன் என்றார். பயணியைத் தனியாக விடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. வழிகாட்டியின் ஆசைக்கு எந்த விதியிலும் இடமில்லை. இது என்ன நியாயம்? ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி வயலுக்குப் போற பாரிட் வாய்க்கால்ல இதவிட நல்ல தண்ணி ஓடுது. இதப் பார்க்கவா இவ்ளோ தூரம் பஸ்ஸுல வந்தோம்?"

கருத்துச் சொல்லுங்கள்

ஊர் திரும்பியதும் எங்கள் முதலாளி வாட்ஸ்அப் குழுவில் பயணிகளின் கருத்தைக் கேட்டார். பஸ் நல்ல பஸ், ஏர்கான் நல்ல ஏர்கான் என்று வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக லெட்சுமி அக்காவின் குரல் பதிவு வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஆபீசில் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"தம்பி தங்கமான ஆளு. ஆனா கால்வாயப் பத்தி மட்டும் வாயே தொறக்கல லா. அவரு அந்தப் படகுல ஏறிப் பார்த்திருக்காரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

எட்டுப் பயணங்களில் என்மேல் வந்த புகார்களில், முழுக்க முழுக்க உண்மையானது இது ஒன்றுதான்.