சின்னமாமா காருக்குப் பூட்டிய காது

எங்கள் சின்னமாமாவைவிட மெதுவாகக் கார் ஓட்டிய ஒருவரை நான் இன்றுவரை காணவில்லை. நாற்பதாம் நெடுஞ்சாலையில் அவருக்குப் பின்னால் அகப்பட்ட பாரவண்டிகள் ஹோர்ன் அடித்து ஓய்ந்து, கடைசியில் பக்கத்துப் பாதைக்கு மாறிப் போய்விடும். ஒருமுறை, காரின் பின்னால் படகொன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போன வயோதிபத் தம்பதி எங்களை முந்திச் சென்றார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கைகாட்டிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதர்தான், ராடார் வைத்து வேகம் பார்க்கும் பொலிஸ்காரர் முன்னால் நிற்பதை முன்கூட்டியே அறிந்து சத்தம்போடும் கருவியொன்றை வாங்கித் தன் காருக்குத் தானே பூட்டினார். மொட்டைத்தலைக்கு எதற்குச் சீப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து எந்தெந்த நாடுகளையோ சுற்றி வந்து சேர்ந்து, எங்கள் முன்னறைச் சோபாவில் படுத்தெழும்பி, டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் வேலை செய்தார். அவருடைய அகதி வழக்கு அப்போது விசாரணைக்கு வந்திருக்கவில்லை. வீட்டில் ‘வழக்கு’ என்ற சொல்லை எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்பா மட்டும் உரக்கச் சொல்வார்.

“வழக்கு முடியுமட்டும் பொலிஸ் இருக்கிற பக்கம் தலை வைச்சும் படுக்காத, சொல்லிப்போட்டன்.”

சின்னமாமா தலையை ஆட்டுவார். நான் இதை எனக்கு விளங்கிய விதத்தில் விளங்கிக்கொண்டேன். எந்தப் பொலிஸ்காரராவது அவருடைய பெயரைக் கேட்டு எழுதிவிட்டால் போதும், அன்றைக்கே அவரை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவர் வேலை செய்வதும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பள்ளிக்கூட முற்றத்துக்கு மேலாக விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம், சின்னமாமா அதில் இருக்கிறாரோ என்று அண்ணாந்து பார்ப்பேன்.

கருவியை அமெரிக்கப் பக்கம் போய்வந்த கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சாதாரண வகை இல்லை அது. காரின் முன்பக்கச் சல்லடைக்குப் பின்னால் மறைத்துப் பூட்டும் ஒரு பெட்டி, அதிலிருந்து வரும் நீண்ட வயர், ஓட்டுநருக்கு அருகில் வைக்க ஒரு சின்ன விளக்கு, சத்தமிட ஒரு சின்ன ஒலிபெருக்கி. வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை, கட்டடத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னமாமா வேலையைத் தொடங்கினார். ரேடியோ திருத்துவதாக அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். எனக்குத் தரப்பட்ட வேலை, முன் சீற்றில் இருந்து செய்முறைத் தாளை வாசித்துச் சொல்வது.

தாளின் முதல் பக்கத்திலேயே, சில இடங்களில் இந்தக் கருவியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருந்தது. வாசித்துச் சொன்னேன். சின்னமாமா வயரை நீட்டிக்கொண்டே, “ஓம், இஞ்சையும் அப்பிடித்தான். அப்பாட்ட மூச்சு விடாத,” என்றார். நான் மூச்சு விடவில்லை.

பெட்டியை உள்ளே இருந்த கம்பியில் இறுக்கினார். வயரை எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுத் துளையால் காருக்குள் எடுக்க வேண்டும். துளையின் விளிம்பு வயரை வெட்டாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும் என்று தாளில் இருந்தது. வளையம் துளைக்குள் போக மறுத்தது. அதைத் தூக்கிச் சந்தில் எறிந்தார். அடுத்து, வயரின் நடுவில் இருந்த சின்ன பியூஸை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று வாசித்தேன். அதைத் தவறாமல் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் பல்லால் உரித்து முறுக்கினார்.

“கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள். வீட்டில பியூஸ் போனா வயர்த்தும்பைச் சுத்திப் போடுறது. பியூஸ் எண்டது பயந்தாங்கொள்ளிக்கு!”

இதைச் சொன்னவர், சந்தின் முனையில் ஒரு கார்க் கதவு சாத்தப்பட்ட சத்தத்துக்குச் சட்டென்று மூடிக்குக் கீழே தலையை இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் தக்காளிப் பெட்டியுடன் இறங்குவதை நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் தலை வெளியே வந்தது.

கருவிக்கு மின்சாரம் எடுக்க ஒரு வயர் வேண்டியிருந்தது. சோதனை விளக்கை அங்கங்கே குத்திப் பார்த்து, விளக்கு எரிந்த வயர் ஒன்றைத் தெரிவுசெய்து அதில் பொருத்தினார். அது பிரேக் விளக்குக்குப் போகிற வயர் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சின்ன விளக்கை, முன்பலகையில் ஒட்டியிருந்த மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பச்சை என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் பொலிஸ். மாதாவின் முதுகுக்குப் பின்னால் பச்சை எரிந்ததும் சின்னமாமா சிலுவை அடையாளம் போட்டார்.

முதல் ஓட்டத்தில், ஒரு பெரிய கடையின் வாசலைக் கடக்கும்போது கருவி அலறியது. சின்னமாமா கண்ணில் பட்ட முதல் தெருவுக்குள் திருப்பி, ஒரு மரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. தாளின் கடைசிப் பக்கத்தைத் தேடி வாசித்தேன். ஆள் வந்தால் தானாகத் திறக்கிற கடைக் கதவுகளுக்கும் கருவி சத்தமிடுமாம். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் வாசலுக்கு வெகுதூரத்தில்தான் கார் நிற்கும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்த அம்மா, தம்பிக்கு இதென்ன புதுப் பழக்கம் என்று முறைத்தார்.

ஆவணி மாதத் திருநாள் வந்தது. நகருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாதா கோயில். அன்றைக்குத் தமிழ்ச் சனம் முழுவதும் அங்கேதான் திரளும். சைவசமயக்காரரும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வருவார்கள். அப்பாவுக்கு வேலை. அம்மா பின் சீற்றில் பொரித்த ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை சொல்ல, நான் முன்னால் இருந்தேன். புறப்படும்போது பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். எங்கள் நகரத்துத் தெருக்களின் குழிகளில் கார் விழுந்து எழும்பி நெடுஞ்சாலைக்கு ஏறியது. டோர்வலைக் கடக்கையில் ஒரு விமானம் தலைக்கு மேலாக இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கர்க்லாண்ட் என்ற ஊரைத் தாண்டியிருப்போம். பின்னால் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சுழன்றது. கருவி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிடந்தது. மாதாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

சின்னமாமா காரை ஓரங்கட்டினார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு பொலிஸ் காரை நோக்கி நடந்தார். இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் காருக்குள்ளேயே அசையாமல் இருக்க வேண்டும். இறங்கி வருகிறவனைக் கண்டுதான் அவர்கள் பயப்படுவார்கள். சின்னமாமா வந்த இடத்திலோ, மறித்தவுடன் இறங்கி நடக்காதவன் உதை வாங்குவான். பொலிஸ்காரர் பிரெஞ்சில் உரத்துக் கத்தினார். அவருடைய கை இடுப்புக்குப் போனது. சின்னமாமாவுக்குப் பிரெஞ்சில் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ தவிர ஒன்றும் தெரியாது. கத்தக் கத்த, கையை இன்னும் உயர்த்திக்கொண்டு அவர் இன்னும் பணிவாகக் கிட்டப் போனார்.

அம்மாவின் செபமாலை நின்றுவிட்டது. நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, என் உயிர் முழுவதும் தொண்டைக்கு வரக் கத்தினேன்.

“மாமா, வரவேண்டாமாம்! காருக்குள்ள போய் இருக்கட்டாம்!”

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் பிழையாகச் சொல்கிறேனோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. பிறகு, கைகளை இறக்காமலே, பின்பக்கமாக அடியெடுத்து வைத்து வந்து காருக்குள் ஏறினார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஒரு பெரிய ஆளின் நடுக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரியவர்களுக்கும் இப்படிப் பயம் வரும் என்றால் என்னைப்போன்றவர்களை யார் காப்பாற்றுவது என்று எனக்கு அழுகை முட்டியது.

பொலிஸ்காரர் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். இளம் ஆள், வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கண்டுகொண்டு என்னோடேயே பேசினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: காரின் பிரேக் விளக்குகள் எரியவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு ஆபத்து, அண்மையில் காரில் ஏதும் வேலை செய்தீர்களா?

இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சின்னமாமாவிடம் கேள்வியைச் சொன்னேன்.

“அவங்களுக்கு எல்லாம் தெரியும், பிள்ளை. கேக்க முதல் காட்டினாத்தான் தண்டனை குறைவாப் போகும்.”

அம்மா பின்னாலிருந்து, “என்னத்தைத் தம்பி காட்டப்போறாய்?” என்றார். சின்னமாமா என்னைக்கொண்டு அனுமதி கேட்டு இறங்கி, மூடியைத் திறந்து, சல்லடைக்குப் பின்னாலிருந்த பெட்டியைச் சுட்டிக் காட்டினார். வயரைத் தகட்டின் விளிம்பு அறுத்திருந்தது. அதனால்தான் காரின் பியூஸ் எரிந்து, பிரேக் விளக்கும் கருவியும் ஒன்றாக அணைந்து போயிருந்தன. பொலிஸைக் கண்டு சொல்லத்தான் அந்தக் கருவி. கடைசியில் பொலிஸை அழைத்து வந்ததும் அதுதான். அந்த வேளையில் சிரிக்க எங்களில் ஒருவருக்கும் பலமில்லை.

பொலிஸ்காரர் பெட்டியையும் சின்னமாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாரவண்டிகூட உங்களை முந்திக்கொண்டு போகிறதே, உங்களுக்கு எதற்கு இது என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

“வேகமா ஓடுறதுக்கு இல்லை, பிள்ளை. முன்னுக்கு நிக்கினமெண்டு முதலே தெரிஞ்சால் மனதை ஆயத்தப்படுத்தலாம். திடீரெண்டு கண்டால் எனக்கு ஏலாமல் போகுது. அதைச் சொல்லு.”

என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அது எப்படி வந்ததோ தெரியாது. ஒரு சொல் பிழைத்தாலும் விமானம்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தேன். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். பிறகு, சட்டம் சட்டம்தான் என்பதுபோல, பெட்டியை வயரோடு கழற்றித் தரச் சொன்னார். சின்னமாமாவின் கையிலிருந்து திருகாணிகள் புல்லுக்குள் விழுந்துகொண்டே இருந்தன. கழற்றி முடியுமட்டும் பொலிஸ்காரர் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் உதிரி பியூஸ் இருக்கும் என்று காட்டியதும் அவர்தான். அதைப் போட்டதும் பிரேக் விளக்குகள் எரிந்தன. தண்டச் சீட்டைக் கொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, போகலாம் என்று கைகாட்டினார்.

“போகலாமாம் மாமா.”

சின்னமாமா எஞ்சினைத் தொடவில்லை. நாங்கள் புறப்பட்டுப் பாதையில் ஏறுமட்டும் பாதுகாப்பாக நிற்பதற்காகப் பொலிஸ் கார் விளக்கைச் சுழற்றிக்கொண்டு பின்னால் காத்திருந்தது. நாங்கள் முன்னால் அசையாமல் இருந்தோம். வெகுநேரம் கழித்துப் பொலிஸ்காரர் மீண்டும் இறங்கி வந்தார். என்ன, கார் ஓடவில்லையா என்று கேட்டார்.

“அவரை முதல்ல போகச் சொல்லு, பிள்ளை,” என்றார் சின்னமாமா, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி. “நாங்கள் பேந்து போறம்.”

சொன்னேன். பொலிஸ்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய கார் எங்களைக் கடந்து, தூரத்து வளைவில் மறைந்து, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சின்னமாமா சாவியைத் திருப்பினார். பின்னால் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தண்டச் சீட்டுக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

அன்று மாலை அப்பாவுக்கு எல்லாக் கதையையும் சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் திட்டத் தொடங்கும் முன், சின்னமாமாவைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் நான் குறுக்கே விழுந்தேன். “மாமா எவ்வளவு மரியாதையான ஆள் தெரியுமே அப்பா? பொலிசையே முதல்ல போகவிட்டவர்!” அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சின்னமாமாவைப் பார்த்தார். திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த அவ்வளவு சொற்களையும் விட்டுவிட்டு, “சாப்பிட்டனியோடா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தத் தண்டச் சீட்டு அகதி வழக்கை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த குளிர்காலத்தில் சின்னமாமாவை ஏற்றுக்கொண்டார்கள். ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் அவரையும் அவருடைய கூட்டாளியையும் மறித்து விசாரித்து, ‘சரி, போங்கள்’ என்று விட்டார்களாம். இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து சுட்டார்களாம், கூட்டாளி அங்கேயே விழுந்தாராம். இதை அம்மா எனக்குச் சொல்ல எத்தனையோ வருடங்கள் ஆயின. அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் எந்தக் கதவருகே யார் நின்றாலும் நான் ஒதுங்கி நின்று, நீங்கள் முதலில் போங்கள் என்பேன். ஆசிரியை என் பணிவைப் பாராட்டுவார். இதெல்லாம் எங்கள் சின்னமாமாவிடம் பழகியது என்று நான் பெருமையாகச் சொல்வேன்.