மானுக்கு வைத்த பிண்ணாக்கு

மாட்டுங்காவில் நாங்கள் இருந்தது ஒன்றரை அறை. அதில் அரை அறை மாமாவுடையது என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது சமையலறை. ராத்திரி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மாமா அங்கே பாயை விரிப்பார். காலையில் அம்மா காப்பிக்கு அடுப்பு மூட்ட வருவதற்குள் சுருட்டிவிடுவார். அவர் அம்மாவின் தம்பி. சிவ்ரிப் பக்கம் ஓர் எண்ணெய் மில்லில் டைப்பிஸ்ட். கல்யாணம் நிச்சயமாகி ஒரு வருஷம் ஆகியும் முகூர்த்தம் வைக்க முடியவில்லை. பெண்ணின் அப்பா மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், ஒன்றில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. தன் பெண் யார் வீட்டு அடுப்படியிலும் படுக்க மாட்டாள் என்றுவிட்டார்.

செம்பூரில் மில்லுக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருந்தது. அதில் ஓர் அறை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு மாமா முதலாளியைப் போய்ப் பார்த்தார். சேட் மாட்டேன் என்று சொல்லவில்லை. கோடை முடியட்டும், அதற்குள் ஒரு வேலை இருக்கிறது, அதை நன்றாகச் செய்தால் பார்க்கலாம் என்றாராம்.

சேட்டுக்கு வேட்டைப் பைத்தியம். தாணேவுக்கு அப்பால் மலையடிவாரத்தில், காடும் புல்லுமாக நிலம் வாங்கிப் போட்டிருந்தார். வெயில் ஏறினால் புல் காய்ந்து, மான்கள் வேறு பக்கம் போய்விடும். அவை போகாமலிருக்க, வாரம் தவறாமல் கடலைப் பிண்ணாக்கும் பருப்புப் பொட்டும் உப்புக்கட்டியும் கொண்டுபோய் வேட்டைப் பரணுக்கு எதிரே போட வேண்டும். தின்று பழகிய மான் சாயங்காலமானால் தானாக வந்து நிற்கும். மே மாதம் ஒரு பெரிய வியாபாரி விருந்தாளியாக வருகிறார். அவர் பரணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒரு மானைச் சுட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மில் லாரியில் போய் இதை மேற்பார்வை பார்க்க நம்பகமான ஆள் தேவைப்பட்டது. பிண்ணாக்கை வழியில் விற்காதவன், மான்கறியில் பங்கு கேட்காதவன் என்று சலித்துப் பார்த்ததில் ஆபீஸில் மாமா ஒருவர்தான் தேறினார்.

பூண்டு வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிற வீடு எங்களுடையது. மாமா தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னார். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ ஆகாரம் போடறே, அது புண்ணியம். அவன் சுடறான், அது அவன் பாவம். ரெண்டையும் ஏண்டா போட்டுக் குழப்பிக்கறே?"

அதற்கப்புறம் புண்ணியம் மட்டும் கட்டடம் முழுவதும் பரவியது. கோவில் வாசலில் மாட்டுக்காரியிடம் புல்கட்டு வாங்கிப் பசுவுக்குப் போட்டுக்கொண்டிருந்த மாமிகளெல்லாம் மானுக்கு மாறினார்கள். பட்டாணித் தோல், தர்ப்பூசணித் தோல், வாழைப்பழத் தோல் என்று சனிக்கிழமையே எங்கள் வாசலில் பைகள் சேர்ந்துவிடும். இரண்டாம் மாடி மாமி கொள்ளு ஊறப்போட்டே அனுப்பினாள். வேட்டை விஷயத்தை அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. துப்பாக்கி எதற்கு என்று நான் கேட்டபோது, புலி வந்தால் விரட்ட என்று சொன்னாள். எனக்கு எட்டு வயது. நம்பினேன்.

கைக்குழந்தையோடு அல்லாடிக்கொண்டிருந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஒரு வாலாவது குறையட்டும் என்று என்னையும் மாமாவோடு அனுப்பிவிடுவாள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் கிங்ஸ் சர்க்கிளில் லாரி வந்து நிற்கும். போய்ச் சேர்ந்ததும் அங்கே குடியிருந்த காவல்காரர் மூட்டைகளை இறக்கிப் பரணுக்கு எதிரே கொட்டுவார். நாங்கள் அவர் குடிசைக்குள் உட்கார்ந்து தட்டி இடுக்கு வழியாகப் பார்ப்போம்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒரு பெண்மான் குட்டியோடு வந்தது. குட்டி உப்புக்கட்டியை ஆசையாக நக்கிவிட்டு, பெரிதாக ஒரு தும்மல் போட்டது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பரணை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மூட்டைகள் பரணுக்குப் போகவில்லை. காய்ந்த ஓடையைத் தாண்டி, சேட்டின் எல்லைக்கல்லையும் தாண்டி, சர்க்கார் காட்டுக்குள் போயின. அங்கே சேட் சுட முடியாது. காவல்காரர் காரணம் கேட்கவில்லை. நான் கேட்டேன். அங்கேதான் நிழல் இருக்கு என்றார் மாமா. சமையலறைப் பாயிலிருந்து எழுந்துபோக அவருக்கு இருந்த ஒரே வழியை அவரே அந்தக் கல்லுக்கு அப்பால் கொட்டுகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வாரா வாரம் மான்களும் வழியை மாற்றிக்கொண்டன.

மே மாதம் அந்த ஞாயிறும் வந்தது. அம்மா மாமாவின் நெற்றியில் விபூதி இட்டாள். என்னையும் சுவாமியை வேண்டிக்கொள்ளச் சொன்னாள். இன்றைக்கு சேட்டுக்கு மான் கண்ணில் பட்டுவிட்டால் மாமாவுக்கு ரூம், ரூம் கிடைத்தால் கல்யாணம். என்னை விட்டுவிட்டுப் போக மாமா எவ்வளவோ பார்த்தார். நான் அழுது ஆகாத்தியம் பண்ணி லாரியில் ஏறிக்கொண்டேன்.

சேட்டும் விருந்தாளியும் நாலு மணிக்கே பரணில் ஏறினார்கள். வெயில் சாய்ந்தது. ஓர் அணில் வந்தது, போயிற்று. வேறொன்றும் வரவில்லை. விருந்தாளி கொட்டாவி விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்ததும் சேட் கீழே இறங்கி வந்து மாமாவைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதப் பிண்ணாக்கையும் நீயே தின்றுவிட்டாயா என்று ஆரம்பித்து, ஹிந்தியில் எனக்கு அதுவரை தெரியாத சொற்களுக்கெல்லாம் போனார். இந்த வருஷம் வெயில் அதிகம், மான் வரவில்லை என்று மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

என்னால் தாங்க முடியவில்லை. என் மாமாவைத் திட்டுகிறார்கள், ரூமும் போகப்போகிறது. மான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"சேட்ஜி, உதர் ஆதா ஹை. நாலா கே உஸ் பார்."

ஓடைக்கு அந்தப் பக்கம் வரும் என்று நான் சொன்னதும் சேட் என்னைப் பார்த்தார். அப்புறம் மாமாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்து, என் கன்னத்தைக் கிள்ளி, குழந்தையை லாரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று மாமாவிடம் சொன்னார். விருந்தாளியோடு ஓடைப் பக்கம் நடந்தார்.

எட்டு வயதுப் பெண்ணை மாமா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றினார். இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதை அழுத்திப் பொத்தினார். வலித்தது. மாமா விடு என்றேன், விடவில்லை. அவர் கைகள் ஒருமுறை உதறின. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டே இருந்தார்.

மான் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துது. ஓடிப்போயிடுத்து" என்றார்.

எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கத்து மான்களைச் சுட்டார்கள் என்பதும், பழகின இடமாயிற்றே என்று அவை ஓடாமல் நின்றன என்பதும், நான் கல்யாணமாகிப் போன பிறகு, மாமாவுக்கு வாழ்க்கைப்பட்ட மாமி சொல்லித்தான் தெரிந்தது. எட்டு வயதில் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

அந்த மாதமே செம்பூரில் அறை கிடைத்தது. மறுபடி மான் இடம் மாறினால் கொடுத்த அறையைத் திரும்ப எடுக்கவும் முடியும் என்று சேட் வாயைத் திறந்து சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லவும் வேண்டாம். ஆவணியில் கல்யாணம் நடந்தது. இவள் வாய் திறந்ததால்தான் இந்தக் கல்யாணமே என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். மணையில் உட்கார்ந்திருந்த மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருஷம் மாசியில் லாரி மறுபடி கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்தது. செம்பூரிலிருந்து வந்து காத்திருந்த மாமாவோடு நானும் ஏறிக்கொண்டேன். போய் இறங்கியதும் காவல்காரர் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பினார். மாமா அவரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். பரணுக்கு நேர் எதிரே மூட்டைகளை வைக்கச் சொல்லி, தானே கயிற்றை அவிழ்த்துக் கொட்டினார். உப்புக்கட்டிகளையும் தானே உடைத்துப் பரப்பினார். அவ்வளவு தூரம் வெயிலில் நடக்க வேண்டாம், இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.