மறக்கச் சொன்ன வைத்தியம்

முதலில் மடங்கியது வலது கையின் சுண்டுவிரல். பெங்களூரில், என் வீட்டில், காலைப் பயிற்சியின்போது. பியானோவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சுரவரிசையை வாசித்துக்கொண்டிருந்தேன். விரல் உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொண்டது. வலி இல்லை. சோம்பல் என்று நினைத்து அதைத் திட்டவும் செய்தேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் மேடைகளில் மேற்கத்தியச் செவ்வியல் பியானோ வாசித்தவள் நான். சொந்த ஊர் கடத்தூர். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்த பள்ளியில் ஒரு பியானோ இருந்தது. அதில் தொடங்கி வெளிநாட்டு மேடைகள்வரை போனேன். ஒரு விரல் சொன்னபடி கேட்கவில்லை என்றால் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் அதிகமாக வாசிப்பது. நான் தினமும் நான்கு மணி நேரம் கூட்டினேன். இதைப் படிக்கும் யாருக்காவது விரல் மடங்கத் தொடங்கியிருந்தால், தயவுசெய்து பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

அடுத்த மாதம் மோதிரவிரலும் சேர்ந்துகொண்டது. இசைத்தாளில் சுரத்துக்கு மேல் எந்த விரல் என்று எண் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. நான் நான்கையும் ஐந்தையும் ரப்பரால் அழித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். அப்படியே ஒன்றரை ஆண்டு கச்சேரி செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பிறகு நடுவிரலும் தடுமாறியது. சென்னையில் ஒரு மேடையிலிருந்து பாதியில் எழுந்து வந்தேன்.

முதலில் பார்த்த இரண்டு மருத்துவர்களும் எழுதச் சொன்னார்கள், பொத்தான் மாட்டச் சொன்னார்கள், மேசைமேல் விரல்களைத் தட்டச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கை ஒழுங்காகச் செய்தது. அவர்களில் ஒருவர், கல்யாணம் செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். மூன்றாமவர் நரம்பியல் மருத்துவர், ஓசூர்க்காரர். நான் பியானோ வாசிப்பதைப் படம்பிடித்து வரச்சொல்லிப் பார்த்தார்.

“கையில ஒரு குறையும் இல்லைங்க. மூளையில ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் இருக்குது. ஓயாம வாசிச்சு வாசிச்சு அந்த இடங்க ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு.”

நோயின் பெயர் ஃபோகல் டிஸ்டோனியா (குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு). முன்கையில் போட்டுலினம் ஊசி (தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும் மருந்து) போட்டார்கள். விரல் மடங்கவில்லை, பியானோக் கட்டையை அழுத்தவும் அதற்கு வலு இல்லை. வலு திரும்பியபோது மடக்கமும் திரும்பியது. மூன்று முறை இப்படி.

கடைசியாக மறுபயிற்சி (விரல்களுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது) ஒன்றுதான் மிச்சம் என்றார் மருத்துவர். “இதுவரைக்கும் வாசிச்ச எதையும் இனிமே தொடாதீங்க. கேக்காதீங்க, மனசுலயும் ஓட்டாதீங்க. பழைய பாட்டு வந்தா பழைய மடக்கமும் கூடவே வரும்.”

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“மறக்கிற வரைக்குங்க,” என்றார்.

தம்பி லாரி வைத்து என்னையும் பியானோவையும் கடத்தூருக்குக் கூட்டிவந்தான். கடலைக்காய் மூட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து கொடுத்தான். ஐந்து விரல், ஐந்து கட்டை. ஒவ்வொன்றாக, மெதுவாக. விரல் லேசாகச் சுருங்கினாலும் அன்றைக்கு அவ்வளவுதான். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் தேறினால் அதிகம்.

மீதி நேரத்தில் தம்பி மனைவியுடன் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தேன். ஒரு நாள் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை நல்லாத்தானேங்க்கா இருக்குது. என்னைவிட வெரசா உரிக்கிறீங்களே.”

அவள் குத்திக் காட்டவில்லை. கண்டதைச் சொன்னாள். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். கை முறிந்திருந்தால் ஊரே வந்து விசாரித்திருக்கும். வேலைக்கு உடம்பு வணங்காதவள் என்று ஊரில் பெயரும் வந்திருக்காது.

மறதி மட்டும் ஒழுங்காக வந்தது. முதலில் பெரிய சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட நீண்ட இசை) போயின. தருமபுரிக்குப் பேருந்தில் போகும்போது தலைக்குள் முன்பெல்லாம் ஏதாவது இசை ஓடிக்கொண்டிருக்கும். இப்போது இன்ஜின் சத்தம் மட்டும்தான். முன்பு ஒரு மாதம் என்றால் எனக்கு இசைத்தாளில் இத்தனை பக்கங்கள் என்று கணக்கு. இப்போது மாதத்துக்கு உருவமே இல்லை. இதற்காக நிறைய அழுதிருக்கிறேன். குணமாகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் அழுதேன்.

ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. போன மாதம் ஒரு நண்பகலில், மருத்துவர் சொன்னதை மீறி, ஒரே ஒரு சின்னப் பாட்டை நினைவுபடுத்திப் பார்த்தேன். கச்சேரி முடிந்தபின் ரசிகர்கள் கேட்டால் வாசிப்பது. எட்டு அடிவரை (ஓர் அடி என்பது ஒரு தாளச்சுற்று) வந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. கட்டைகளை அழுத்தாமல், விரல்களை அவற்றின்மேல் சும்மா வைத்துக்கொண்டு, தொலைந்துபோன அடிகளுக்கு வெறும் தாளத்தை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன். பதினோராவது அடியில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கின. அங்கே என்ன சுரம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினேன். அதே இடத்தில் மறுபடியும் மடங்கின.

தம்பி மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்ததும் விரல்கள் நிமிர்ந்துகொண்டன. அந்தக் கையால்தான் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.