எழுத்தில் எழுதிய பன்னிரண்டு எண்கள்

மூலக்கூறு ஒன்றின் கட்டமைப்பை இணையத்தில் ஏற்றுமுன், அதைப் பதியாத இரண்டாமவர் ஒருவர் மூலத்தாளோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். ஐரோப்பாவில் என் மகள் வேலை செய்த தரவுத்தளத்தின் விதி அது. இரண்டாமவர் தாளைத் திறக்காமலே கையொப்பமிட்டார். ஒரு புரதம் பிழையாக இணையமேறியது. பதிந்தவள் மகள், பழியும் அவளுக்கு. ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்று பணிப்பாளர் சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சியாளர் கொடுத்த மூலத்தாளின் பிரதியைப் பாடப்புத்தகமொன்றுக்குள் மடித்து எனக்கு அனுப்பினாள். வன்னியில் போர்க்காலம்; எங்கள் தர்மபுரத்தில் அப்போது மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவனுக்கு மூலக்கூறின் மாதிரி கட்ட விளக்குமாற்று ஈர்க்குக் குச்சியும் வேப்பங்கொட்டையும் போதும். ஓர் அணுவுக்கு மூன்று எண்கள், அது இருக்கும் இடம். சந்தேகத்துக்குரிய மூலையில் நாலு அணுக்களை அளந்து குத்தினேன்.

"விளக்குமாறு மொட்டையாப் போச்சு. புரதத்தை விட்டிட்டு முத்தத்தைக் கூட்டுங்கோ" என்றா மனைவி.

முற்றம் கூட்டவில்லை. ஒரே அணுக்கள் இடக்கையும் வலக்கையும்போல் இரண்டு விதமாக அடுங்கும்; இங்கே இடக்கை இருக்கவேண்டிய இடத்தில் வலக்கை இருந்தது. பிழை ஆராய்ச்சியாளரின் தாளிலேயே. மகள் உள்ளதை உள்ளபடி பதிந்திருக்கிறாள்.

பிழையை விளக்கி, அந்த நாலு அணுக்களின் பன்னிரண்டு எண்களோடு கடிதம் எழுதித் தபாற்கந்தோருக்குப் போனேன். தபாலதிபர் என் பழைய மாணவர். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது போகாது மாஸ்ரர். வவுனியாவில ஆமிக்காரர் பிரிச்சுப் பாப்பாங்கள். அவங்களுக்கு எந்த இலக்கமும் ஷெல் விழுற இடம்தான்."

"இது அணு இருக்கிற இடம் ஐசே."

"அணுகுண்டோ எண்டு கேப்பாங்கள்."

"இலக்கம்தானே கூடாது? எழுத்தில எழுதினால்?"

அவர் சிரித்தார். "அதுக்கு ஒரு சுற்றறிக்கையும் இன்னும் வரேல்லை."

அங்கேயே வாங்குப் பலகையில் அமர்ந்து, பன்னிரண்டு எண்களையும் தசமத்தோடு எழுத்தில் எழுதினேன். கடிதத்தை மகளுக்கல்ல, பணிப்பாளருக்கே முகவரியிட்டேன். இரண்டாமவர் அலுவலகத்துக்குள்தான் இருக்கவேண்டும் என்று உங்கள் விதியில் இல்லை என்று குறிப்பிட்டு, 'சரிபார்த்த இரண்டாமவர்' என்று கையொப்பமிட்டேன். பதில் வராததால் மாதத்துக்கொரு பிரதி அனுப்பினேன். நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு என்று தலைப்பிட்டு. ஆறாவதில், "மாஸ்ரர், அந்த எண்கள் எனக்கே பாடமாப் போச்சு" என்றார் தபாலதிபர்.

பிரித்து ஒட்டிய உறையொன்று கடைசியில் பணிப்பாளரிடமிருந்து வந்தது. இரண்டே வரி: பதிவு திருத்தப்பட்டது, மகளின் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டது. மன்னிப்பு என்ற சொல் இல்லை. அரசாங்கக் கந்தோரில் செய்வதுபோல் மேல்மூலையில் எழுதிவைத்தேன்: கிடைத்தது, 1999 புரட்டாதி, இரண்டாம் புதன்கிழமை.