ஊரணிக்குள் இறங்கிய ஆடுகள்

பிள்ளைகளா, நம் ஊரணியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. ஆடு மாடு கரையேறினாலே சத்தம் போட்டு விரட்டிவிடுவார்கள். குடிக்கிற தண்ணீர் அல்லவா. நான் இலுப்பூர்ப் பக்கமிருந்து இந்த ஆலங்குடிப் பக்கம் கல்யாணம் கட்டி வந்தவன். குழாயில்தான் தண்ணீர் வருகிறதே, இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

போன கோடையில் ஊரணி வற்றியதும் ஊர் கூடித் தூர் வாரினோம். நிறையத் தண்ணீர் நிற்கட்டும் என்ற ஆசையில் உங்கள் மாமா, ஜேசிபியை இன்னும் ஆழமாகத் தோண்டச் சொன்னார். அடியிலிருந்த களிமண் போய்ச் சரளை தெரிந்தது. தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதே அந்தக் களிமண்தான் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. அடுத்த மழையில் நிறைந்த தண்ணீர், ஒரு வாரத்துக்குள் பூமிக்குள் போய்விட்டது. மாமா டீக்கடைப் பக்கமே வரவில்லை.

குழாய் உடைந்தால் யாராவது வந்து சரிசெய்வார்கள் என்று இருந்துவிடுவோம். ஊரணியை அப்படி விட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கண்மாய்க் களிமண்ணை அள்ளி வந்து பரப்பி, தண்ணீர் தெளித்தோம். மிதித்து இறுக்க வேண்டும். மாமா தயங்கிக்கொண்டே, ஆடுகளை இறக்கலாம் என்றார்.

உங்கள் அம்மாவுக்குக் கோபம். "ஏண்ணே, ஆடு வாய் வச்ச தண்ணியவா குடிக்கிறது?"

"வாய் வைக்கத் தண்ணி எங்கிட்டு இருக்கு?"

"அதுவும் ஒங்களாலதான். சரி, புழுக்கைய யாரு அள்ளுறது?"

"மாப்ள அள்ளுவாரு. சொன்னாத் தட்ட மாட்டாரு."

ஆனால் ஆடுகள் கரையோடு நின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து விரட்டு வாங்கிய இடம் ஆயிற்றே. கடைசியில் உங்கள் அம்மாதான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஆடு விரும்பித் தின்கிற பலாக்குழையைக் காட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அவள் பின்னால் மந்தையே இறங்கியது. சாயங்காலம் வரை மிதித்தன. புழுக்கையை நான்தான் கூட்டி அள்ளினேன்.

ஐப்பசியில் மழை பெய்தது. தினமும் காலையில் போய் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. அதே படி. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது. மாமாவும் டீக்கடைக்கு வந்துவிட்டார்.

நேற்று ஒரு வெள்ளாடு கரையேறியது. என்னையறியாமல் சத்தம் போட்டு விரட்டினேன். குடத்தோடு வந்த உங்கள் அம்மா சிரித்தாள்.

"அது மிதிச்சுக் குடுத்த ஊரணிங்க. பாத்து வெரட்டுங்க."